பக்கத்து சீட்டில் இருந்த கால்

கார் நின்றுவிடும் என்று அவள் நம்பினாள். நம்பியதில் என்ன தப்பு? ரோட்டைக் கடக்கிறவர்களுக்கென்று கோடு போட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, பெயிண்ட் வாசனைகூடப் போகாத புத்தம் புதுக் கோடு. இரண்டு பக்கமும் பார்த்தாள். தூரத்தில் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. வேகம் குறைகிற மாதிரியும் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டின் மேல் இறங்கினாள்.

கார் நிற்கவில்லை.

வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் நடக்கிற ஆள் போல, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம். வாய் பிளந்திருந்தது. கண்கள் வெளியே விழுந்துவிடும்போல் இருந்தன. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அதைப் பெற்றெடுத்தவளே அவள்தான்.

அடுத்த கணம் சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பை கிழிந்து, தைத்து முடித்த பேண்ட் ஒன்று நடுரோட்டில் இரண்டு காலையும் பரப்பினாற்போல் கிடந்தது. 'ஐயோ, இஸ்திரி போட்டு வைத்தேனே, அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வேன்' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் தன் வலது கால் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் பார்த்தாள்.

கார்க் கதவு திறந்தது. மகள் இறங்கினாள். ஓடி வரவில்லை. காரின் கதவைப் பிடித்தபடியே நின்று, "அம்மா" என்றாள். கூப்பிடுகிற குரலே இல்லை அது. அடையாளம் கண்டுகொண்ட குரல்.

அவளை அந்தத் தெருவில் எல்லோரும் பெல் அக்கா என்பார்கள். துணி திருத்திக் கொடுக்கிற சின்னக் கடை அவளுடையது. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, இடுப்பை விடுவது. இடுப்பை விடச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். போகும்போது யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். அவளும் சொன்னதில்லை. வெளிச்சத்துக்காக மெஷினை ஷட்டர் ஓரமாகப் போட்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் நேரே ரோடுதான்.

அந்த ரோட்டை ஒரு நாள் அகலமாக்கினார்கள். நடைபாதையைப் பாதியாக நறுக்கி வண்டிகளுக்குக் கொடுத்தார்கள். வண்டிகளுக்குக் கொண்டாட்டம். எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டியவர்கள், ஓடை கடக்க வந்தவர்களைப் போல ஓரத்தில் நின்று தவித்தார்கள். ஒரு மதியம் வயதான வாடிக்கையாளர் ஒருவர் பேண்ட்டைக் கொடுத்து, அளவு சொல்லி, "சாயங்காலம் வாங்கிக்கிறேம்மா" என்று படியிறங்கினார். அவள் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே சத்தம் கேட்டது. கோடு கோணலாகிப் போனது. பேண்ட்டைச் சொன்ன அளவில் தைத்து முடித்தாள். வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான் அவளுக்கு அந்தப் பைத்தியம். சாயங்காலம் கடையைச் சாத்துகிற நேரத்தில் சைக்கிளை ரோட்டோரம் நிறுத்தி, பெல்லை விடாமல் அடிப்பாள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள், வேலை விட்டு வருகிறவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் சேருவார்கள். கூட்டம் சேர்ந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சாகக் கடப்பார்கள். ஒருத்தியை இடிக்கத் தயங்காதவன்கூட ஒரு கூட்டத்தைக் கண்டால் நின்றுதானே ஆக வேண்டும்?

வீட்டில் அவள் கணவர் சிரிப்பார். "என்ன, இன்னைக்கு ஆடு மேய்ச்சாச்சா?"

"மேய்ச்சாச்சு. ஓநாய்க்கெல்லாம்தான் நீங்க பாடம் எடுக்குறீங்களே, அதுங்களுக்கும் கொஞ்சம் சொல்லி வைங்க" என்பாள் அவள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். ஊரில் ஸ்டியரிங் பிடித்த கைகளில் பாதி, அவருடைய சிவப்புக் காரில் நடுங்கி நடுங்கிப் பழகிய கைகள்தான். வாத்தியாரிடம் போனால் பயமே தெரியாது என்று பெயர். யாரையும் திட்டமாட்டார். கத்தமாட்டார். பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வருவார். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு மிதிக்க. "அதுல கால் வச்சு எவ்வளவோ வருஷமாச்சு. என் பசங்க அப்படி ஓட்டுவாங்க" என்று மார் தட்டிக்கொள்வார்.

ஒரே மகள். சின்ன வாத்தியார் என்று கேலியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே நிஜமாகிற காலம் வந்திருந்தது. அவளுக்காக இரண்டாவது கார் ஒன்று வாங்கினார் வாத்தியார். கற்றுக்கொடுப்பதற்கான பரீட்சை அடுத்த வாரம். புதுக் காரில் பக்கத்து சீட்டு பிரேக் இன்னும் பொருத்தவில்லை. லைசென்ஸ் வாங்கியதிலிருந்து அப்பா பக்கத்தில் இல்லாமல் அவள் வண்டி எடுத்ததே கிடையாது. அன்று காலையில்தான் முதல் முறை. வேறு எதற்கு? புதுக் காரை அம்மாவிடம் காட்ட.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. மறுநாள் ஆபரேஷன். மெஷின் பெடலை மிதிக்கிற கால். நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டே, "பெல் அக்காதானே நீங்க? உங்களையே இடிச்சுட்டானா? எவன் அவன், கண்ணைப் பொடனியில வச்சுக்கிட்டு ஓட்டினவன்?" என்று கேட்டாள்.

கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மகள் தலை நிமிரவில்லை. நர்ஸ் அவளைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாத்தியார் வந்தார். மனைவியின் காலைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மகளைப் பார்த்தார். பிறகு கட்டிலருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"நீ பார்க்காம இறங்கிட்டே. அப்படித்தானே?"

"என்னது?"

"போலீஸ் வருது. கூடவே கோடு போட்டுக் கொடுத்த நகராட்சி இன்ஜினீயரும் வர்றான். நீ பார்க்காம இறங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கேஸ் இல்லை. பாப்பா லைசென்ஸ் தப்பிச்சிடும். அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை."

"ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தாங்க இறங்கினேன்."

"எனக்குத் தெரியும். சொல்லாதேங்கிறேன்."

"நான் அப்படிச் சொன்னா கோட்டை அழிச்சிடுவாங்க. கோடு இருக்கிறதாலதான் ஆளு தைரியமா இறங்குது, அடிபடுதுன்னு கடைக்காரங்க ஏற்கெனவே அந்த இன்ஜினீயரை நச்சரிக்கிறாங்க. நானே சொல்லிட்டா அப்புறம் கேக்கவா வேணும்?"

"அழிச்சா அழிக்கட்டும்." அவர் மகளைக் கையால் காட்டினார். "பெத்த பொண்ணு முக்கியமா, கோடு முக்கியமா? பிரசவ வலி கோட்டுக்கா பட்டே?"

இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கட்டு போட்ட காலைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது. ஏனென்றால் அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். உயிர் போன மாதிரி. அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு பொய் போதும். எந்தத் தாய் சொல்லமாட்டாள்?

ஆனால் நாளை சாயங்காலம் அந்த ரோட்டோரம் வந்து நிற்கப்போகிறவர்கள் யார் யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்கள் முகமெல்லாம் அவளுக்குத் தெரியும். அவர்களுடைய இடுப்பளவுகூடத் தெரியும்.

"பாப்பா" என்றாள். "இங்க பாரு. என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

இடித்ததிலிருந்து தாயிடம் 'அம்மா' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசாத மகள், வாயைத் திறந்தாள்.

"உன்னைப் பார்த்தேன்மா. தூரத்துலேயே பார்த்துட்டேன். கையைக்கூடக் காட்டலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"பிரேக் போட்டேன்."

"போட்டியா?"

"போட்டேன்மா. சத்தியமா போட்டேன். எப்பவும் போடுற மாதிரியே. லேசா காலை வைப்பேன், வண்டி நின்னுடும். எப்பவும் அப்படித்தான் நிக்கும். இன்னைக்கு நிக்கலை. வச்ச கால் வச்சபடியே இருக்கு, வண்டி போய்க்கிட்டே இருக்கு. ஏன் நிக்கலைன்னு யோசிச்சுக்கிட்டே... உன்கிட்ட வந்துட்டேன்."

"புது வண்டியில பிரேக் சரியில்லை" என்றார் வாத்தியார் அவசரமாக.

"மெக்கானிக் பார்த்துட்டாராம்பா. பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு ஃபோன்ல சொன்னாரு. அழுத்தவே இல்லைங்கிறாரு." மகளின் குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. "நான் அழுத்தினேன்பா. இப்படி வர்றேன். அம்மா அங்க நிக்கிறா. கால் வைக்கிறேன். வண்டி போகுது, போகுது..."

பெல் அக்கா அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

படுத்திருந்தவளுக்குக் கட்டிலின் ஓரத்தில் கணவரின் கால்கள் தெரிந்தன. மகள் 'அம்மா அங்க நிக்கிறா' என்று சொன்னபோது, செருப்புக்குள் அவருடைய வலது கால் மெல்ல முன்னால் நகர்ந்தது. 'போகுது, போகுது' என்றபோது அந்தக் கால் தரையை அழுத்தியது. மிருதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் கெட்டியாக. குழந்தை தூங்கும்போது தொட்டிலை நிறுத்துகிற கை மாதிரி. தையல் மெஷினில் ஆயுளைக் கழித்தவள் அவள். பெடலில் வேலை செய்கிற கால் எது, சும்மா இருக்கிற கால் எது என்று அவளுக்குத் தெரியாதா?

"என்னங்க" என்றாள். "உங்க கால் என்ன பண்ணுது?"

வாத்தியார் குனிந்து பார்த்தார். மகளும் பார்த்தாள். கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. யாரோ ஒரு அந்நியனின் கால் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டதைப் போல அவர் அதைப் பார்த்தார். எடுக்க முயன்றார். உடனே எடுக்க வரவில்லை.

"நான்... நான் மிதிக்கிறதே இல்லையே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மாணவர்கள் பயப்படக்கூடாதே, வண்டி குலுங்கக்கூடாதே என்று எப்போதோ ஆரம்பித்த பழக்கம், அவருக்கே தெரியாமல் காலில் போய் உட்கார்ந்துவிட்டது. வாய் கதை சொல்லும், கால் நிறுத்தும். பக்கத்து சீட்டிலிருந்து அந்தக் கால் பூப்போல நிறுத்திய ஒவ்வொரு தடவையும், ஸ்டியரிங் பிடித்தவன் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டான். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் வெளியில் முட்டி மோதி நிறுத்தப் பழகியிருப்பார்கள். மற்றவர்கள்? சொந்த மகளோ, அந்தக் காலை விட்டு ஒரு நாளும் பிரிந்ததில்லை.

மகள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "அப்போ இத்தனை நாளா நான் ஓட்டவே இல்லையாப்பா?"

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பெல் அக்காவின் கண்முன்னே ஊரே ஓடியது. ரொட்டிக் கடைக்காரர். மருந்துக் கடைப் பெண். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். எல்லோரும் வாத்தியாரின் பிள்ளைகள். அத்தனை பேரும் அவள் கடை வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறார்கள், லேசாகக் கால் வைத்துக்கொண்டு. அவளோ இந்தப் பக்கம் நின்று பெல் அடித்து, ஆட்களைக் கூட்டி, இறங்குங்கள் இறங்குங்கள் என்று அவர்கள் முன்னால் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. போலீஸ்காரம்மா ஒருவரும், பின்னாலேயே நகராட்சி இன்ஜினீயரும் உள்ளே வந்தார்கள். இன்ஜினீயருக்கு அவளை நன்றாகத் தெரியும். அந்தக் கோட்டுக்காக அவரை அத்தனை தடவை அலைய வைத்தவள் அவள்.

"என்னம்மா இப்படி ஆயிடுச்சு" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "அந்த இடம் கோடு போட லாயக்கில்லைன்னு மேல எழுதிடலாம்னு இருக்கேன். நீங்க அவசரமா இறங்கிட்டீங்கன்னு சொல்றாங்க. ஆமான்னுட்டீங்கன்னா உங்க வீட்டுக்கும் நல்லது, எனக்கும் வேலை முடிஞ்சது."

வாத்தியார் வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

அவள் மகளைப் பார்த்தாள். மகளின் கண்ணில் கெஞ்சல் இல்லை. எதுவுமே இல்லை. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. போலீஸ்காரம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுதிக்கங்கம்மா. நான் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் இறங்கினேன். கோட்டு மேலதான் இருந்தேன். கார் நிக்கலை. ஓட்டினது என் பொண்ணு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு இரைத்தது. ஏதோ மாடி ஏறி வந்தவளைப் போல. இன்ஜினீயர் தலையைச் சொறிந்தார். போலீஸ்காரம்மா பேனாவை நிறுத்திவிட்டு, "உங்க பொண்ணுன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"தெரியாம எப்படிம்மா? நான்தானே பெத்தேன்."

"என் பேரையும் எழுதுங்க" என்றார் வாத்தியார். குரல் எங்கிருந்தோ வந்தது. "அவளுக்கு நிறுத்தக் கத்துக்கொடுக்காதவன் நான்."

"அதெல்லாம் இதுல எழுத இடம் கிடையாது சார்" என்றார் போலீஸ்காரம்மா. எழுதவும் இல்லை.

மகள் அறையை விட்டு வெளியே போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தாலாவது தாய்க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கோடு தப்பித்தது. லைசென்ஸ் தப்பிக்கவில்லை, சில மாதங்களுக்குப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பரீட்சையும் போனது. மகள் எங்கே போனாலும் நடந்தே போய் வந்தாள். அம்மாவுக்குக் கட்டு மாற்றினாள், தலை வாரிவிட்டாள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். பேச்சு மட்டும் அளந்துதான். "தண்ணி வேணுமா", "திரும்பிப் படு", அவ்வளவுதான். 'என்னைக் காட்டிக் கொடுத்தியேம்மா' என்று ஒரு தடவை கேட்டுச் சண்டை போட்டால் தேவலை என்று அந்தத் தாய் ஏங்கினாள். அவள் கேட்கவில்லை.

வாத்தியார் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தினார். பழைய பிள்ளைகளைத் தேடிப் போய், "ஒரு தடவை வண்டியை எடுத்துட்டு மைதானத்துக்கு வா. நிறுத்திக் காட்டு, போதும்" என்றார்.

"வாத்தியாரே, வருஷக்கணக்கா ஓட்டுறேன். எனக்கேவா?" என்று ரொட்டிக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் மைதானத்துக்கும் வந்தார். வாத்தியார் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார், கால் எட்டாத இடமாக. முன்னால் ஒரு காலிப் பெயிண்ட் டப்பா. ரொட்டிக் கடைக்காரரின் வேன் டப்பாவை நசுக்கிக்கொண்டு போய் நின்றது. இறங்கி அதைக் கையிலெடுத்துப் பார்த்தவர் அப்புறம் சிரிக்கவில்லை. ஸ்கூல் வேன்காரர் சரியாக நிறுத்தினார். வாத்தியார் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மருந்துக் கடைப் பெண் கூப்பிட்டும் வரவில்லை. வாத்தியாருக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள்.

லைசென்ஸ் திரும்பி வந்த பிறகும் மகள் காரைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள், யாரும் சொல்லாமலே, சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு மைதானத்துக்குப் போனாள். திரும்பத் திரும்பப் போனாள். என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

பெல் அக்கா கைத்தடியோடு கடைக்கு வர ஆரம்பித்திருந்தாள். இடது காலால் பெடல் மிதிக்கப் பழகிக்கொண்டாள். தையல் முன்னைப் போல் ஓடவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்காக ரோட்டோரம் வந்து நின்றாள். எதிரே கோடு. வெள்ளை கொஞ்சம் மங்கியிருந்தது. தூரத்தில் ஒரு கார் வந்தது. அதே கார். பின் சீட்டில் கணவர், முன் சீட்டில் மகள், பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

கார் வேகம் குறைந்தது. நின்றது. கோட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே, ஆணி அடித்தாற்போல் நின்றது.

போகலாம். ஊருக்கே இறங்குங்கள் இறங்குங்கள் என்று சொன்னவள் அவள். தடியை முன்னால் ஊன்றினாள். கால் வரவில்லை. மறுபடி முயன்றாள். எந்தக் கோட்டுக்காக மகளையே விட்டுக்கொடுத்தாளோ, அந்தக் கோட்டின் மேல் கால் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. காரைப் பார்க்கப் பார்க்க, அது நின்றபடியே தன்னை நோக்கி வருவதுபோல் தோன்றியது. இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானோ? அந்த எண்ணம் அவளை உலுக்கிப் போட்டது.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் மேல் ஹாரன். "யோவ், எடுய்யா வண்டியை" என்று ஒருவன் கத்தினான். மகள் எடுக்கவில்லை. கண்ணாடி வழியாக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்ஜினை அணைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். இந்த முறை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஹாரன் சத்தத்தின் நடுவே நேராக நடந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நடுரோட்ல வண்டியை விட்டுட்டு வர்றியேடி" என்றாள் தாய். "திரும்ப லைசென்ஸைப் பிடுங்கப் போறாங்க."

"பிடுங்கட்டும். நீதான் சாட்சி சொல்றதுக்கு இருக்கியே" என்றாள் மகள்.

மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்த பேச்சு. தாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மகள் சிரிக்கவில்லை. கையையும் விடவில்லை.

"வலது காலை முதல்ல வைம்மா. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."